பொய் சொல்லும் தொடுவானம்: சிமுலேட்டரில் ஒரு மணி நேரம்

என் 66வது பிறந்தநாளுக்கு மகள் ஒரு கூப்பன் கொடுத்தாள். ஒரு மணி நேரம் விமானம் ஓட்டலாமாம், சிமுலேட்டரில். "சும்மா போய்ட்டு வாங்கப்பா, வீட்ல உக்காந்து ஃபேன் ரெகுலேட்டரப் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கீங்க" என்றாள். என் மனைவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

விமானப்படையில் 24 ஆண்டுகள் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்தவன் நான். காக்பிட்டில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு விமானிக்கே சமமாக வரும். ஆனால் அத்தனையும் தரையில், பாதி நேரம் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு. கருவிகளைக் கழற்றுவது, ஷாப்புக்கு, அதாவது எங்கள் பட்டறைக்குக் கொண்டுபோவது, திறப்பது, துடைப்பது, சோதிப்பது, மாட்டுவது. அதை வைத்துக்கொண்டு பறப்பது மற்றவர் வேலை. ஆகவே இது கொஞ்சம் விவரம் தெரிந்த ஆளின் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விவரம் தெரிந்திருந்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே இருக்கும் பையனுக்கு அதனால் பிரச்சினை வரக்கூடாது. சென்னையின் தென்பகுதி, டைல்ஸ் கடைக்கு மேல் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. மணிக்கு 4,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி நிறுத்த இடமில்லை. டைல்ஸ் கடைக்காரர் முறைப்பார்.

உள்ளே செஸ்னா 172 விமானத்தின் முன்பாதி மாதிரி ஒரு கூடு. இரண்டு இருக்கை, முன்னால் வளைந்த திரை. கருவிப் பலகையை நான் மூக்கு முட்டும் தூரத்தில் போய்ப் பார்த்தேன். தகட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி, பின்னால் மானிட்டரை வைத்திருக்கிறார்கள். முள்ளெல்லாம் படம்தான். ஆனால் திருகும் குமிழ்கள் நிஜம், தொட்டால் சரியான எதிர்ப்பு கொடுக்கின்றன. உயரமானியின் குமிழைத் திருப்பினால் அழுத்தம் காட்டும் சின்ன ஜன்னலில் எண் நகர்கிறது. திருப்தி. ஓடுபாதையில் நின்றபோது உயரமானி 50 அடி சொச்சம் காட்டியது. மீனம்பாக்கத்துக்குச் சரியான கணக்கு. விளம்பரத்தில் "அசையும் சிமுலேட்டர்" என்று போட்டிருக்கிறார்கள். அசையவில்லை. கேட்டேன். மோட்டார் போன தீபாவளியிலிருந்து ரிப்பேராம்.

பட்டியலில் நகர் உலா, மலைப்பகுதித் தரையிறக்கம், எமர்ஜென்சி பேக் என்று மூன்று வகை. மூன்றாவதுக்கு 750 ரூபாய் கூடுதல். நான் அதைத்தான் கேட்டேன். சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு 25 வயது இருக்கும். வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். அவனைப்போல் இன்னும் எத்தனை பேர் கடனும் வட்டியுமாகக் காத்திருக்கிறார்களோ.

"சார், டேக்-ஆஃப் ஆன உடனே ஒரு இன்ஸ்ட்ருமென்ட்ட ஃபெயில் பண்றேன். பயப்படாதீங்க, சரியா?"

சரி என்றேன்.

கிழக்கு நோக்கி 07 ஓடுபாதையில் புறப்பட்டோம். 500 அடியில் மேகம் வைத்திருந்தான். உள்ளே நுழைந்ததும் திரை முழுக்க வெள்ளை. அப்போது பலகையின் நடுவில் இருக்கும் செயற்கைத் தொடுவானம், மேலே நீலம் கீழே பழுப்பு என்று விமானத்தின் சாய்வைக் காட்டுமே அது, சுவரிலிருந்து பல்லி விழுகிற மாதிரி பொத்தென்று ஒரு பக்கம் விழுந்தது. பையன் பக்கத்திலிருந்து "ஃபெயில்டு சார்!" என்று கத்தவும் செய்தான். நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்து ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. "சூப்பர் சார்" என்றான்.

எனக்கு எரிச்சல் வந்தது. 750 ரூபாய்க்கு இதுவா?

"தம்பி, கைரோ இப்படிச் சாகாதுப்பா" என்றேன். கைரோ என்றால் அந்தக் கருவிக்குள் சுழலும் சக்கரம்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. பழைய செஸ்னாவின் பலகையில் முக்கியமான கருவிகள் ஆறு. மூன்றுக்கு வெளிக்காற்று வேண்டும்: வேகமானி, உயரமானி, ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் மானி. இவை இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாயிலிருந்தும், உடலின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டேட்டிக் துளையிலிருந்தும் காற்றழுத்தத்தை வாங்குகின்றன. அடுத்த இரண்டு, செயற்கைத் தொடுவானமும் திசை காட்டும் கைரோவும். எஞ்சின் ஓட்டும் ஒரு வாக்குவம் பம்ப் காற்றை உறிஞ்ச, அந்தக் காற்றோட்டத்தில் உள்ளே சக்கரம் சுற்றும். ஆறாவது டர்ன் கோ-ஆர்டினேட்டர், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று காட்டுவது. அது மின்சாரத்தில் ஓடும். வேண்டுமென்றேதான் அப்படி. ஆறு கருவிகள், மூன்று மூலங்கள். பலகையை இப்படிப் பார்க்க எனக்கு முதல் வருடமே கற்றுக்கொடுத்தார்கள்.

பம்ப் போனால் என்ன ஆகும்? சக்கரம் உடனே நிற்காது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, மெல்ல மெல்லத்தான் ஓயும். சில நிமிடங்கள் ஆகும். ஷாப்பில் இதையே ஒரு சோதனையாக வைத்திருந்தோம். காற்றை நிறுத்தி, ஸ்டாப்வாட்சை அழுத்தி, சக்கரம் முழுக்க அடங்க எத்தனை நேரம் என்று குறிப்போம். சீக்கிரம் அடங்கினால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள். காதைக் கருவியில் வைத்துக்கொண்டு கடைசிச் சுற்றுவரை கேட்டிருக்கிறேன். ஒரு முனகல், அப்புறம் ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த நிமிடங்களில் தொடுவானம் விழாது. சரியும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, டிகிரி டிகிரியாக. விமானம் நேராகத்தான் போகும், இது மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகச் சொல்லும். விமானி என்ன செய்வார்? இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி அதை நேராக்குவார்.

பையன் ஒரு நிமிடம் யோசித்தான். பின்னால் இருக்கும் அவனுடைய கணினியில் போய்ப் பார்த்தான். "சார், இதுல 'வாக்குவம் பம்ப்'னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு. நான் எப்பவும் 'ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் ஃபெயில்', அதான் தொடுவானம் மட்டும் போறது, அதத்தான் போடுவேன். கஸ்டமருக்கு ஏதாவது நடக்கணும்ல" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வருகிற ஐடி பையன்களுக்குப் பல்லி விழ வேண்டும்.

"அதப் போடு. எப்பப் போடுறேன்னு சொல்லாத" என்றேன்.

இரண்டு முறை புறப்பட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. 2,000 அடி, வலப்பக்கம் திரும்பு, சரி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை 700 அடி வாக்கில் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து பையன் கட்டுப்பாட்டுக் கோபுரமாக மாறி, வேறு அலைவரிசைக்கு மாறச் சொன்னான். ஹெட்செட்டில் இடது காது வேலை செய்யவில்லை (இதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்), எண் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன், ரேடியோவின் குமிழைத் தேடினேன். நிமிர்ந்தால் தொடுவானம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று இடப்பக்கம் திருப்பினேன். நேரானது. மறுபடி கொஞ்சம் சாய்ந்தது. மறுபடி திருப்பினேன்.

திசை காட்டும் கைரோவைப் பார்த்தேனா? பார்த்தேன். கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. ஆகவே நேராகத்தான் போகிறோம் என்று நினைத்தேன். எந்தப் பம்பின் காற்றில் தொடுவானம் ஓடுகிறதோ அதே பம்பின் காற்றில்தான் அதுவும் ஓடுகிறது என்று பத்து நிமிடம் முன்னால் நானே அந்தப் பையனுக்கு வகுப்பு எடுத்திருந்தேன். ஒரே ஆளிடம் காசு வாங்கிய இரண்டு சாட்சிகள், இரண்டும் ஒரே கதையைச் சொல்லத்தானே செய்யும்?

முதலில் உறைத்தது காதில்தான். எஞ்சின் சத்தம் ஏறியது. வேகமானி 70 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கு) தாண்டி 90, 100 என்று போனது. மூக்கைத் தூக்கினேன். உயரம் ஏறவில்லை, இறங்கியது. அப்போதுதான் கீழே டர்ன் கோ-ஆர்டினேட்டரைப் பார்த்தேன். குட்டி விமானம் இடது கோடியில் படுத்திருந்தது. பலகை ஓரத்தில் வாக்குவம் மானியின் முள் பூஜ்யம். எப்போதிருந்து என்று தெரியாது.

பையன் திரையை நிறுத்தினான். இடப்பக்கம் 45 டிகிரிக்கு மேல் சாய்வு, 110 நாட், 400 அடிக்குக் கீழே இறங்கிக்கொண்டு. அவனுடைய வரைபடத்தில் நாங்கள் போன பாதையைக் காட்டினான். நேர்க்கோடு என்று நான் சத்தியம் செய்திருப்பேன். பரங்கிமலைப் பக்கமாக அழகாக ஒரு வளைவு.

"சார்… நீங்க இத ரிப்பேர் பண்றவர்தான?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். எனக்குக் காது சூடானது.

1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா 855 ஞாபகத்துக்கு வந்தது. போயிங் 747, 'எம்பரர் அசோகா' என்று பெயர். எங்கள் தலைமுறை கருவிக்காரர்களுக்கு அது பாடம். கடற்கரையைத் தாண்டி வலப்பக்கம் லேசாகத் திரும்பி நேரானபோது, தலைமை விமானிக்கு முன்னால் இருந்த தொடுவானம் வலச்சாய்விலேயே நின்றுவிட்டது. வெளியே கடல், இருட்டு, கண்ணுக்கு எட்டிய தொடுவானம் கிடையாது. அவர் இடப்பக்கம் திருப்பினார், கருவி நேராகவில்லை, இன்னும் திருப்பினார். துணை விமானிக்கு முன்னால் ஒரு தொடுவானம், நடுவில் மாற்றுக்கு ஒன்று. ஃப்ளைட் இன்ஜினியர் அந்த முரண்பாட்டைக் கவனித்துச் சொல்லவும் செய்தார். தரையை விட்டு எழும்பி 101 விநாடியில் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேர். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர், மற்ற கருவிகள் இருக்கும்போது எப்படி அதை ஒன்றையே நம்பினார் என்று எங்கள் கேன்டீனில் எத்தனை முறை பேசியிருப்போம். நானும்தான் பேசியிருக்கிறேன், கையில் டீயை வைத்துக்கொண்டு.

பையனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் பதிலுக்கு லண்டன் ஸ்டான்ஸ்டெட் விபத்தைச் சொன்னான், அதை அவனுடைய பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1999 டிசம்பர் 22, கொரியன் ஏர் சரக்கு விமானம், அதுவும் 747. அதைக் கேட்டபோது ஒரு ஃபிட்டராக எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தைய பயணத்திலேயே தலைமை விமானியின் தொடுவானம் சாய்வைச் சரியாகக் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஸ்டான்ஸ்டெட்டில் கருவியைப் பிடுங்கிப் பார்த்து, கனெக்டரில் ஒரு பின் கெட்டிருப்பதைக் கண்டு, அதைச் சரிசெய்து மாட்டினார்கள். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் கோளாறு கருவியில் இல்லை. அதற்குச் சாய்வைச் சொல்லி அனுப்பும் இனர்ஷியல் நேவிகேஷன் யூனிட்டில் இருந்தது. வாங்கியதைத்தான் கருவி காட்டியது. விமானம் இடப்பக்கம் கவிழ்ந்துகொண்டே போக, அவர் முன்னால் இருந்தது நேராகவே நின்றது. துணை விமானியின் கருவி வேறு யூனிட்டிலிருந்து வாங்கிச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை ஒலி அடித்தது. இன்ஜினியர் சாய்வைச் சொல்லிக் கத்தினார். தலைமை விமானியின் கருவியை வேறு மூலத்துக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு சுவிட்ச். 55 விநாடி, நான்கு உயிர்.

மீதி நேரத்தைப் பையன் நன்றாகப் பயன்படுத்தினான். மேசையிலிருந்து மஞ்சள் ஒட்டுக் காகிதம் இரண்டைக் கிழித்து, செத்த கருவிகள் இரண்டின் மேலும் ஒட்டினான். இதை நான் மிகவும் ரசித்தேன். எத்தனை அறிவு இருந்தாலும் கண் பழகிய இடத்துக்குத்தான் போகும், மூடிவிட்டால் போகாது. அதன் பிறகு டர்ன் கோ-ஆர்டினேட்டரை வைத்து இறக்கையை நேராக்கு, உயரமானியையும் வேகமானியையும் வைத்து மூக்கைப் பிடி. திரும்ப வேண்டுமா, விநாடிக்கு 3 டிகிரி என்ற கணக்கில் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பு. அரை வட்டத்துக்கு ஒரு நிமிடம். எனக்குப் பறக்கத் தெரியாது, ஆனால் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏதோ பறந்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் அவனைத் திருத்தினேன். காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திரும்பும்போது வடக்கு நோக்கி வந்தால் முன்னதாக நிறுத்து, தெற்கு என்றால் தாண்டி நிறுத்து என்று ஒரு விதியை ஒப்பித்தான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிழை பூமியின் காந்தப்புலம் தரையை நோக்கிச் சாய்வதால் வருவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாய்வு அதிகம். அந்தச் சாய்வே இல்லாத காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் வைத்ததற்கே அதுதான் காரணம். சென்னையில் அந்தச் சாய்வு கொஞ்சம்தான், பிழையும் கொஞ்சம்தான். லண்டனுக்கு எழுதிய அளவை மீனம்பாக்கத்தில் பிடித்துத் திருத்தினால் திருத்தமே பிழையாகிவிடும். பையன் செல்போனில் குறித்துக்கொண்டான்.

கூப்பன் முடிந்தது. மறுவாரம் என் காசில் போனேன். மனைவியிடம் வங்கிக்கு என்று சொல்லியிருந்தேன்.

இந்தமுறை காற்றுக் குழாய்கள். பையன் என்னைக் கேட்டுக்கொண்டு தயார் செய்திருந்தான், அதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதல். முதலில் பிட்டோ அடைப்பு. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது வேகமானியின் முள் எழவே இல்லை. இது சுலபம், த்ராட்டிலை இழுத்து நின்றுவிட்டேன். எழாத முள்ளோடு யாரும் மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் போயிருக்கிறார்கள். 1996 பிப்ரவரி 6, டொமினிகன் குடியரசில் பிர்கென் ஏர் நிறுவனத்தின் போயிங் 757. ஓடுபாதையிலேயே தன் வேகமானி வேலை செய்யவில்லை என்று தலைமை விமானிக்குத் தெரிந்துவிட்டது. புறப்பட்டார். அடைத்த பிட்டோவின் குணம் என்னவென்றால், மேலே ஏற ஏற வேகமானி தானாகவே கூடுதலாகக் காட்டும். உள்ளே சிறைப்பட்ட காற்று அப்படியே இருக்க வெளிக்காற்று லேசாவதால் வருவது. அதிவேகம் என்று நினைத்து மூக்கைத் தூக்கினார்கள், உண்மையில் வேகம் செத்துக்கொண்டிருந்தது. 189 பேர். குழாய்கள் கடலிலிருந்து கிடைக்கவில்லை, மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதுதான் சந்தேகம்.

குளவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அதற்குப் பயந்தே தரையில் நிற்கும் விமானங்களுக்குப் பிட்டோ உறை போடுகிறார்கள். 2018 ஜூலையில் மலேசிய ஏர்லைன்ஸ் ஏ330 ஒன்று உறைகளைக் கழற்றாமலே அங்கிருந்து புறப்பட்டுப் போய், வேகம் தெரியாமல் பறந்து, பத்திரமாகத் திரும்பி இறங்கியது. எங்கள் காலத்தில் சிவப்பு நாடா தொங்கும் உறைகளைக் கழற்றி இடது கையில் வளையல் மாதிரி கோத்துக்கொண்டு வந்து, விமானிக்கு எதிரில் தூக்கி எண்ணிக் காட்டுவோம். எண்ணிக்கை குறைந்தால் எஞ்சின் ஓடாது. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும்.

அடுத்து ஸ்டேட்டிக் துளை அடைப்பு. உயரமானி தரை உயரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, விமானம் ஏறுகிறது. செஸ்னாவில் இதற்கு மாற்றுக் காற்று எடுக்கும் குமிழ் ஒன்று உண்டு, இழுத்தால் காக்பிட் காற்றையே வாங்கிக்கொள்ளும். எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டியிருப்பேன், அதை மாட்டிய கை இது. இழுத்தேன், முள் துள்ளி எழுந்தது. முடிந்தது. ஆனால் பையன் விடவில்லை, அடுத்த முறை குமிழ் இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். நான் சாமர்த்தியமாக, "டவர், என் உயரம் என்ன?" என்று ரேடியோவில் கேட்டேன். "100 அடி" என்றான் டவர் குரலில். நம்பினேன்.

இரண்டு விநாடி கழித்துத்தான் புரிந்தது. ரேடாரில் அவர்கள் பார்க்கும் உயரம், என் விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டர் அனுப்பும் எண். அதுவும் அதே துளையின் காற்றைத்தான் குடிக்கிறது. மறுபடி காசு வாங்கிய சாட்சி. 1996 அக்டோபர் 2 அன்று லீமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 757க்கு இதுதான் நடந்தது. விமானத்தைக் கழுவும்போது துளைகளின் மேல் ஒட்டிய டேப்பைப் பிரிக்க மறந்திருந்தார்கள். இரவு, கடலுக்கு மேல். உயரம் கேட்டபோது தரையிலிருந்து 9,700 அடி என்றார்கள். இறக்கை முனை கடலைத் தொட்டது. 70 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பையன் இதை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், என்னையே கேட்க வைத்து, நம்ப வைத்து, அப்புறம் சொன்னான். ஒரு வாரத்தில் இப்படி ஆகிவிட்டான். இவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்வது.

கடைசியாக ஜிபிஎஸ். கூட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முள்ளெல்லாம் போய் இரண்டு பெரிய திரைகள் வந்துவிடும். இந்தக் காலத்து விமானத்தில் புறப்பாட்டுப் பாதையே ஜிபிஎஸ் புள்ளிகளால் வரைந்தது. பாதி வழியில் அது போனால், பொத்தானைக் குடைந்துகொண்டிருக்காமல் மூக்கையும் இறக்கையையும் முதலில் பிடி, போகிற திசையிலேயே ஏறு, அப்புறம் டவரிடம் இந்தப் பாதையில் என்னால் போக முடியாது, திசை கொடு என்று கேள். அவர்கள் ரேடாரில் பார்த்துத் திசை சொல்வார்கள். போர் நடக்கும் பகுதிகளின் பக்கம் ஜிபிஎஸ் சிக்னலைக் குலைப்பது சகஜமாகிவிட்டதால் இப்போது எல்லா விமானிகளுக்கும் இது வேண்டியிருக்கிறது என்றான். இதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. என் காலத்துச் சாமான் இல்லை.

ஆனால் மாற்றாக விஓஆர் என்ற பழைய ரேடியோ நிலையத்தை வைத்துப் போகச் சொன்னபோது எனக்குக் காது விறைத்தது. அலைவரிசை வைத்தாயிற்று, முள் உயிரோடு நிற்கிறது. "கேட்டீங்களா சார்?" என்றான். சென்னை நிலையத்தின் அடையாளம் எம்எம்வி, மோர்ஸில் வரும். டா-டா, டா-டா, டி-டி-டி-டா. நிலையத்தைப் பராமரிப்புக்கு எடுத்தால் அந்த அடையாள ஒலியை நிறுத்திவிடுவார்கள், சிக்னல் வரலாம், முள் அசையலாம், ஆனால் நம்பக் கூடாது. ஹெட்செட்டில் கேட்கவில்லை. நிலையம் செத்துவிட்டது என்றேன், மிகவும் பெருமையாக. இல்லை, அது அந்த இடது காது. வலது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்டது.

ஆக, குறைகள்: அந்த ஹெட்செட். அசையாத கூட்டை அசையும் என்று விற்பது. நிறுத்தாமல் ஓடவிட்ட குளிர்சாதனம், முழுக்கை சட்டை போட்டுப் போங்கள். எமர்ஜென்சி பேக் என்ற பெயரில் 750 ரூபாய்க்குப் பல்லி விழுவது. முடிந்ததும் "கேப்டன்" என்று தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள், அதில் என் பெயரில் எழுத்துப் பிழை. மகள் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். நான் கடைசியில் எங்கே போனேன், எவ்வளவு சாய்ந்தேன் என்ற பாதை வரைபடத்தைத்தான் அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். கேட்டால் பிரிண்டரில் மை இல்லை என்கிறார்கள். சான்றிதழுக்கு மட்டும் இருக்கிறது.

கடைக்கு மூன்று நட்சத்திரம். பையனுக்கு ஐந்து.

போகிறவர்கள் வார நாளில் காலையில் போங்கள், அவன் அப்போதுதான் இருப்பான். பழைய வகைப் பலகையைக் கேளுங்கள். எமர்ஜென்சி பேக் வாங்கினால் எந்தக் கருவி, எப்போது என்று சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒன்றுமே கெடாத புறப்பாடும் நடுவில் இரண்டு வைக்கச் சொல்லுங்கள். செல்போனை வெளியே லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு போங்கள், அதற்குத் தடையில்லை.